சுவருக்குள் போகும் வயருக்கு ஒரு லெவல் வேண்டும்



அன்பின் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்கு வயரிங் செய்ய இருப்பவர்களும், வயரிங் வேலை பழகும் பிள்ளைகளின் பெற்றோரும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன், எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்தது இது. பழைய லயத்து வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, சுவருக்குப் புதிதாகச் சாந்து பூசி, வயரையும் சுவருக்குள்ளேயே மறைத்துச் செய்திருந்தார்கள். இறந்துபோன தாத்தாவின் படத்தை மாட்ட அம்மா ஆணி அடித்திருக்கிறார். "பிளக்குக்கு நேர் மேலே ஆணி அடிக்கக் கூடாதும்மா, அங்கதான் வயர் எறங்கும்னு சேர் சொன்னாரு" என்று மகன் சொன்னதால், பார்த்து ஒரு சாண் தள்ளித்தான் அடித்தார். இரண்டாவது அடியிலேயே "டப்" என்று சத்தம். வீடு இருண்டது. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு சாந்தைத் தட்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மேலே இருந்து பிளக் பொயின்டுக்கு இறங்க வேண்டிய குழாய் நேராக இறங்கவில்லை. ஒரு சாண் தள்ளித் தொடங்கி, சாய்ந்து சாய்ந்து வந்து, கடைசியில் வளைந்து பொக்ஸுக்குள் போயிருந்தது. வயரிங் செய்த தம்பியிடம் கேட்டோம். "கண்ணுக்கு நேராத்தான் சேர் தெரிஞ்சிச்சு" என்றார். லெவல் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "நம்மகிட்ட லெவல் இல்ல சேர். அது மேசன் பாஸ்மாருக்குத்தானே?" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு உறுத்தல். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த விதி சரியானதுதான். மறைத்துப் போடும் வயர் ஒரு சுவிட்சில் இருந்தோ பிளக்கில் இருந்தோ நேர் மேலாக, நேர் கீழாக, அல்லது கிடையாக நேர் பக்கமாகத்தான் போக வேண்டும். சுவரின் மூலையிலும், சுவர் கூரையைத் தொடும் இடத்திலும் 150 மில்லிமீற்றர் அகலப் பட்டைக்குள்ளும் போகலாம். பிரித்தானிய வயரிங் விதிகள் சொல்வது இது. எங்கள் நாட்டு நடைமுறையும் பெரும்பாலும் அந்த விதிகளை ஒட்டியதுதான். வெளியே சுவிட்சைப் பார்த்தவுடன் உள்ளே வயர் எங்கே இருக்கும் என்று எவரும் ஊகிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் அந்த விதி ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. சுவருக்குள் வயரைப் போட்டவர் நேராகப் போட்டிருப்பார் என்ற நம்பிக்கை. அது பொய்த்தால், விதியை மதித்து ஒரு சாண் தள்ளி அடித்தவருக்குத்தான் ஆபத்து. சாந்து பூசி, பெயின்ட் அடித்த பிறகு அந்தக் கோணல் யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து ஆயத்துல் குர்ஸி பிரேமை மாட்டுபவருக்கோ, சாமி படத்தை மாட்டுபவருக்கோதான் தெரியும்.

அதனால்தான் சொல்கிறோம்: வயரிங் வேலைக்குப் போகிறவரின் பையில் டெஸ்டர், குறடு, ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றோடு ஒரு ஸ்பிரிட் லெவலும் இருந்தே ஆக வேண்டும்.

கொழும்பில் இருப்பவரை விட மலையில் இருப்பவருக்கு இது இன்னும் அவசியம். சமவெளியில் கண் ஏமாறினாலும் அதைத் திருத்தப் பக்கத்தில் ஏதாவது நேராக இருக்கும். தரை கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும், எதிர்வீட்டு மதில் நேராக நிற்கும். இங்கே ஹட்டனிலும் நோர்வூட்டிலும் நானுஓயாவிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எல்லாமே சரிவு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலை சாய்ந்தது, வாசல்படி சாய்ந்தது, பழைய லயத்தின் தரையும் தண்ணீர் ஓட வேண்டும் என்று சாய்வாகப் போட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கல்லுச் சுவர் எத்தனையோ மழையில் இறங்கியிருக்கும். கதவு நிலையும் அதோடு சாய்ந்திருக்கும். இவற்றுக்கு நடுவில் நின்று "கண்ணுக்கு நேராக" என்று ஒரு கோடு கீறினால், கண் அந்தச் சாய்வையே நேர் என்று எடுத்துக்கொள்ளும். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்திருக்கும்.

தரையில் இருந்து டேப் பிடித்து அளந்து பொக்ஸ் வைப்பதும் இங்கே சரிவராது. தரை பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறங்கினால், தரையில் இருந்து ஒரே உயரத்தில் அளந்து வைத்த இரண்டு பிளக் பொயின்டுகளும் இரண்டு அங்குலம் வித்தியாசமாகத்தான் இருக்கும்.

இது எங்கள் மண்ணுக்குப் புதிய பாடமும் அல்ல. தேயிலை மலையில் மண் அரித்துப் போகாமல் கான் வெட்டிய பெரியவர்களுக்கு மட்டத்தின் அருமை தெரியும். கான் கூடுதலாகச் சரிந்தால் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். சரிவே இல்லாவிட்டால் தேங்கி உடைக்கும். அதற்காகவே ரோட் ட்ரேசர் என்ற கருவியை வைத்து மலை முழுவதும் கோடு பிடித்தார்கள். அவ்வளவு பெரிய மலையிலேயே கண்ணை நம்பாமல் கருவியை நம்பியவர்களின் பேரப்பிள்ளைகள், பத்தடிச் சுவரில் கண்ணை நம்புவது ஏன்?

முஸ்லிம் உறவுகளுக்கும் ஒன்று சொல்லலாம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அல்கரஜீ என்ற கணித அறிஞர், நிலத்தடி நீரை வெளியே கொண்டுவருவது பற்றி ஒரு நூலே எழுதினார். கால்வாய்க்கு மட்டம் பார்க்கும் கருவிகளையும் அதில் விளக்கியிருக்கிறார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழ் ஓடும் இன்றைய வகை அதற்குப் பிறகு, 1661 அளவில், பிரான்ஸ் நாட்டு தெவெனோ என்பவர் உருவாக்கியது. அளவையை நேராக வைப்பது எங்கள் மார்க்கத்தில் கடைக்காரருக்கு மட்டும் சொல்லப்பட்ட விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. பிறர் உயிர் தங்கியிருக்கும் வேலையில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இனி எந்த லெவலை வாங்குவது என்ற கேள்வி. ஹார்ட்வெயார் கடைக்குப் போனால் ஓரடி, இரண்டடி, நான்கடி, லேசர் என்று பலவும் இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் மலிவானதைக் கேட்பார்கள், அல்லது பார்க்கப் பெரிதாக இருப்பதைக் கேட்பார்கள். வயரிங் வேலைக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

முதலாவது, ஒன்பது அல்லது பத்து அங்குலச் சிறிய லெவல். இரண்டு முனையும் கூர்ந்து, படகு மாதிரி இருக்கும். டோர்பிடோ லெவல் என்று கேட்டால் கொடுப்பார்கள். சன்க் பொக்ஸ், சுவிட்ச், பிளக், டீபி பெட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் அளவு. நான்கடி லெவலை வைத்துக்கொண்டு மூன்று அங்குலப் பொக்ஸை நேராக்க முடியாது. ஏணியில் நின்று அதைப் பிடிப்பதும் கஷ்டம்.

அதில் குறைந்தது மூன்று குமிழ்க் குழாய்கள் இருக்க வேண்டும்: கிடைக்கு ஒன்று, நிலைக்குத்துக்கு ஒன்று, 45 பாகைக்கு ஒன்று. எங்கள் வேலையில் கூடுதலாகத் தேவைப்படுவது நிலைக்குத்துக் குமிழ்தான், ஏனென்றால் வயர் மேலிருந்து கீழேதான் இறங்குகிறது. சில வெளிநாட்டு லெவல்களில் 30 பாகைக்கும் குழாய் இருக்கும். அது இரும்புக் குழாயை வளைப்பவர்களுக்கு. எங்கள் வீடுகளில் போடுவது பீவீசீ குழாய். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒரு விளிம்பில் வீ வடிவப் பள்ளம் இருந்தால் நல்லது. உருண்டையான குழாயின் மேல் வைக்கும்போது வழுக்காது. காந்தம் இருந்தால் தகரத்தால் செய்த டீபி பெட்டியில் ஒட்டி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்க்ரூவை இறுக்கலாம்.

உடல் பகுதி அலுமினியமா பிளாஸ்டிக்கா? அலுமினியம் நீண்ட காலம் நெளியாமல் இருக்கும், ஆனால் கரண்டைக் கடத்தும். சிறிய லெவலுக்கு உறுதியான பிளாஸ்டிக் போதும். ஆனால் பிளாஸ்டிக் என்பதற்காக மெயின் சுவிட்சை நிறுத்தாமல் திறந்த டீபிக்குள் லெவலை நீட்ட வேண்டாம். அதிலிருக்கும் காந்தமும் உலோகம்தான். லெவல் பாதுகாப்புக் கருவி அல்ல. மெயினை நிறுத்துவது மட்டுமே பாதுகாப்பு.

இரண்டாவது, நீளமான கோட்டுக்கு நீளமான கருவி. ஒன்பது அங்குல லெவலை மட்டும் வைத்துப் பத்தடிக்குக் கோடு இழுப்பது பலர் செய்யும் பிழை. கணக்குப் பாருங்கள். 225 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் 3 மீற்றரில் அது 13 மில்லிமீற்றர் ஆகிவிடும். அதே ஒரு மில்லிமீற்றர் பிசகு 600 மில்லிமீற்றர் லெவலில் நடந்தால், 3 மீற்றரில் 5 மில்லிமீற்றர்தான். ஆகவே குழாய் இறங்கும் கோட்டுக்கு இரண்டடி லெவல் வேண்டும். அது இல்லாவிட்டால் தூக்குக் குண்டு போதும். ஒரு நூலும் ஒரு கனமான நட்டும் இருந்தால் செலவே இல்லாத தூக்குக் குண்டு. புவியீர்ப்பு யாரையும் ஏமாற்றாது.

ஒரு அறையின் நான்கு சுவரிலும் பிளக் பொயின்டுகளை ஒரே மட்டத்தில் வைக்க, தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் ட்யூப்பை விடச் சிறந்தது எதுவும் இல்லை. மேசன்மார் அதைத்தான் பிடிக்கிறார்கள். ட்யூப்புக்குள் காற்றுக் குமிழ் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மழை இல்லாத நாளில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். சுற்றி எல்லாமே சரிவாக இருந்தாலும் தண்ணீரின் விளிம்பு மட்டும் மட்டமாக இருக்கும். ட்யூப்புக்குள் வேலை செய்வதும் அதே விஷயம்தான்.

லேசர் லெவல் நல்லதுதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் கோடு மங்கும், விலையும் கூட. நாலைந்து பேர் சேர்ந்து வேலை எடுப்பவர்கள் ஒன்றைப் பொதுவில் வாங்கலாம். பழகும் பிள்ளைக்கு அது தேவையில்லை. போனில் இருக்கும் லெவல் ஆப்பை நம்பவே வேண்டாம். போனின் ஓரத்தில் பட்டன் இருக்கிறது, பின்னால் கமராவின் புடைப்பு இருக்கிறது, அதன் மேல் கவரும் போட்டிருக்கிறோம். எதைச் சுவரில் வைத்து நேர் பார்ப்பது?

மூன்றாவது, இதுதான் முக்கியம்: கடையிலேயே சோதித்து வாங்குங்கள். மேசையின் மேல் லெவலை வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு இடது முனை வலது பக்கம் வரும்படி திருப்பி, அதே இடத்தில் வையுங்கள். முதலில் குமிழ் ஜன்னல் பக்கம் சற்று விலகி நின்றிருந்தால், இப்போதும் ஜன்னல் பக்கமே அதே அளவு விலகி நிற்க வேண்டும். அப்படியானால் மேசைதான் சரிவு, லெவல் சரி. குமிழ் கதவுப் பக்கம் மாறி நின்றால் லெவல் பொய் சொல்கிறது. எந்த பிராண்டாக இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

நிலைக்குத்துக் குமிழுக்கும் அதே மாதிரிதான். லெவலைச் சுவரில் நிறுத்தி விளிம்பை ஒட்டிக் கோடு கீறுங்கள். பிறகு முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படி புரட்டி, அதே விளிம்பை அதே கோட்டில் வையுங்கள். குமிழ் இரண்டு முறையும் நடுவிலேயே நின்றால் வாங்கலாம். லெவல் கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

நுவரெலியாப் பக்கம் குளிர் நேரத்தில் குமிழ் பெரிதாகி இரண்டு கோட்டையும் தொடுவதைப் பார்த்துச் சிலர் லெவல் பழுது என்று நினைப்பார்கள். பழுதில்லை. குளிரில் உள்ளே இருக்கும் திரவம் சுருங்குவதால் குமிழ் நீள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக நின்றால் சரி. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை எழுந்து, "சேர், உள்ளே இருக்குறது ஸ்பிரிட்டுதானே, நீங்க தொடலாமா?" என்று கேட்டான். சிரித்துவிட்டோம். குடிப்பதற்குத்தான் தடை மகனே, மட்டம் பார்ப்பதற்கு அல்ல என்று சொன்னோம்.

இதைச் சொல்லும்போது சிலர் கேட்பார்கள்: "கோணலா இருந்தாலும் லைட் எரியுதுதானே சேர்?" எரியும். ஆனால் லைட் எரிவது மட்டும்தான் வேலையா? சுழலும் தட்டு உள்ள பழைய மீட்டரைச் சாய்த்து மாட்டினால் அது காட்டும் கணக்கே பிசகும். சாய்ந்த டீபிக்குள் ப்ரேக்கர்களைத் தள்ளி இறுக்கினால் மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி நிற்கும். சுவருக்குள் சாய்ந்த குழாய் என்ன செய்யும் என்பதை மேலே சொல்லிவிட்டோம். லயங்களில் மின்னொழுக்கால் தீ என்று செய்தி வரும்போதெல்லாம், ஒரு வீட்டில் தொடங்கிய தீ அடுத்தடுத்த வீட்டுக்கும் பரவியதைத்தான் கேட்கிறோம். ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளில் ஒருவரின் வயரிங் இன்னொருவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லெவல் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. அந்த வீட்டில் அம்மாவைக் காப்பாற்றியது ட்ரிப் சுவிட்ச்தான். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த், சரியான தடிப்புள்ள வயர், 13 அம்பியர் சதுர முள் பிளக் ஆகியவை முதலில் வேண்டும். இவை இல்லாத வீட்டில் நேரான சுவிட்சைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கள் அனுபவத்தில், குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கப் பழகிய பிள்ளை எர்த் இறுக்கமா என்றும் பார்க்கிறான். "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று ஒன்றை விடுபவன் மற்றதையும் விடுகிறான்.

பழியை வயரிங் செய்யும் பிள்ளைகள் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. பொயின்ட் கணக்கில் கூலி பேசுகிறோம். ஒரு பொயின்டுக்கு ஐம்பது ரூபா குறைத்தவரைத்தான் கூப்பிடுகிறோம். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடிக்கச் சொல்கிறோம். அவர் ஒரு பொக்ஸுக்கு இரண்டு நிமிடம் எடுத்து லெவல் பார்த்தால், "என்ன தம்பி, இன்னும் முடியலியா?" என்று கேட்பவர்களும் நாங்கள்தான். அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு நேர்த்தியை எதிர்பார்க்க முடியாது.

இதில் எங்களுக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. இந்த நாட்டுக்கே மின்சாரம் தந்த மலை இது. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இந்த மலைத் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்தக் கரண்ட் கம்பிகள் தேயிலை மலைக்கு மேலாகவே கொழும்புக்குப் போயின. கீழே லயங்களில் எத்தனையோ வருடம் குப்பி லாம்புதான் எரிந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து வீட்டுக்குள் வந்த கரண்ட், கோணல் வேலையாக வரக் கூடாது. காணியோடு சொந்த வீடு என்று இப்போதுதான் கொஞ்சப் பேருக்காவது வாய்க்கிறது. அந்தச் சுவருக்குள் போகும் வயர், அந்த வீட்டின் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கப் போகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

வீட்டுக்காரர்களே, வேலை தொடங்கும்போது "தம்பி, லெவல் கொண்டு வந்தீங்களா?" என்று கேளுங்கள். சாந்து பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் குழாய் தெரியப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்கே ஆணி அடிப்பது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பழைய வீடு என்றால், நேராக இருக்கும் என்று நம்பி ஆணி அடிக்காமல் தாராளமாகத் தள்ளி அடியுங்கள். அடிக்கும்போது மெயினை நிறுத்திவிடுங்கள்.

பெற்றோரே, பிள்ளை வயரிங் பழகப் போகிறான் என்றால் புதுப் போனுக்கு முன்னால் ஒரு நல்ல லெவலை வாங்கிக் கொடுங்கள். கூடவே என்வீக்யூ சான்றிதழுக்கும் படிக்க வையுங்கள். கொழும்புக்கு ஹெல்பராகப் போய் ஹெல்பராகவே திரும்புவதற்கும், பாஸாகத் திரும்புவதற்கும் இடையில் இருப்பது அந்தச் சான்றிதழும் கைச் சுத்தமும்தான். பொம்பளைப் பிள்ளை ஆசைப்பட்டாலும் தடுக்காதீர்கள். குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க ஆண் கண் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, பரீட்சைக்கு ஓம் விதியைப் படிப்பிக்கும் நாங்கள், ஒரு லெவலைத் திருப்பி வைத்துச் சோதிப்பதை ஒவ்வொரு பிள்ளையின் கையாலும் ஒரு தடவையாவது செய்ய வைப்போம். ஒரு பாட நேரம் போதும். "பிளக்குக்கு நேர் மேலே ஆணி அடிக்காதே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்தியது எங்கள் குறைதான். "நேராக இறக்கு" என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தம்பியையும் நாங்கள் விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது அங்குல லெவல் ஒன்றை வாங்கிக்கொண்டு அவரோடு அதே வீட்டுக்குப் போனோம். சுவரை வெட்டிக் குழாயை நேராக இறக்கினார். கூலி வாங்கவில்லை. கடைசியில் அவரே தாத்தாவின் படத்தை எடுத்து, ஆணி அடித்து, மேலே லெவலை வைத்துப் பார்த்து மாட்டினார். அந்த அம்மா பயந்துகொண்டேதான் மெயின் சுவிட்சைப் போட்டார். லைட் எரிந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். வேலை பழகும் பிள்ளைகளுக்கு உதவும். இந்தப் பதிவை வயரிங் செய்யும் தம்பிமாருக்கும் அனுப்பி வையுங்கள்.

இறைவன் எல்லோருடைய வீட்டையும் பாதுகாக்கட்டும்.